சித்ரா பௌர்ணமிக்கு நீ வந்தாக வேண்டும்

குமுளி,
மாசி மாதம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். மிளகு பறிப்பு முடிந்து, தெருவில் பாதி வீட்டு முற்றத்தில் மிளகுதான் காய்கிறது. பெரியவன் கட்டப்பனையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், வாரம் ஒருமுறை வந்து போகிறான். பேத்திக்கு முன்பல் விழுந்திருக்கிறது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். மீதித் தாள் முழுக்க, நீ கடைசியில் எழுதியிருந்தாயே ஒரு வரி, அதற்காக: "ரிட்டயர் ஆனதிலிருந்து காலையில எந்திரிக்கவே ஒரு காரணம் இல்லாத மாதிரி இருக்குடி."

அதைப் படித்த நாள் முழுக்க எனக்குத் தையல் மெஷினில் கை ஓடவில்லை. இத்தனை வருஷமாக உன்னைப் பள்ளிக்கூட மணி எழுப்பியது. நேரத்தை மற்றவர்கள்தான் உனக்கு வகுத்துக் கொடுத்தார்கள். இப்போது நாள் பூராவும் உன் கையில் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் வீட்டுக்காரர் போன பிறகு இப்படித்தான் இருந்தது. அப்போது கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், போய்ச் சேருவதற்குள் செய்ய வேண்டியவை என்று எழுத ஆரம்பித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதை பக்கெட் லிஸ்ட் என்கிறார்கள். இன்றுவரை அந்தப் பக்கம்தான் என்னைத் தூக்கி நிறுத்துகிறது. அதனால்தான் உனக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஜான் கோடார்ட் என்று ஒருவர் இருந்தார். 1940இல், பதினைந்து வயசில், 127 ஆசைகளைத் தாளில் எழுதிவைத்தார். 2013இல் இறப்பதற்குள் நூற்றுக்கு மேல் முடித்திருந்தார். நைல் நதியில் படகில் போனார். எவரெஸ்ட் ஏறுவது மட்டும் கடைசிவரை முடியவில்லை. எனக்கு அந்தப் பட்டியலில் பிடித்தது ஒரு சின்ன ஆசை: நிமிஷத்துக்கு ஐம்பது வார்த்தை டைப் அடிக்க வேண்டும் என்பது. நைல் நதியும் டைப் அடிப்பதும் ஒரே தாளில்! பெரிய ஆசையை மட்டும் எழுதினால் நோட்டைத் திறக்கவே பயமாகிவிடும். உட்கார்ந்த இடத்திலேயே முடிக்கக்கூடியதும் நடுவில் நாலு இருக்கட்டும்.

ஆனால் எழுதிவைத்தால் மட்டும் ஒன்றும் நடக்காது. தேதி வேண்டும். நாமே வைத்த தேதி என்றால் நாமே தள்ளிப்போட்டும் விடுவோம். அது நம் கையில் இல்லாத தேதியாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட தேதிக்குப் பஞ்சமே இல்லையடி.

கண்ணகி கோயிலையே எடுத்துக்கொள். நாம் கூடலூரில் பிறந்து, அந்த மலையடிவாரத்திலேயே வளர்ந்தோம். சித்ரா பௌர்ணமி ஒருநாள் மட்டும்தான் மேலே விடுகிறார்கள். தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் சேர்ந்து பேசி ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. புலிகள் காப்பகக் காடு, பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். அந்த ஒருநாளை விட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். கடையில் கல்யாணத் துணி குவிந்து கிடக்கிறது என்று பௌர்ணமியைத் தள்ளிவைக்க முடியுமா?

ஜீப்பில் போகாமல் பளியன்குடி வழியாக நடந்தே ஏற வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறேன். ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். அதற்காகத் தை மாசத்திலிருந்து நடக்கிறேன். பால் வாங்கி வந்து தூக்குவாளியை வைத்த கையோடு, உட்காராமல், ரோசாப்பூக்கண்டம் பக்கம் ஒரு நடை. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியல் அறிஞர் ஆராய்ந்து சொன்னதும் இதுதான். இனிமேல் நிறைய நடப்பேன் என்று பொதுவாகத் தீர்மானிப்பவர்களைவிட, இது முடிந்ததும் இந்த இடத்தில் இதைச் செய்வேன் என்று முடிச்சுப் போட்டுக்கொள்பவர்களே அதிகம் செய்து முடிக்கிறார்களாம். சித்திரையில் வரும் பௌர்ணமி, தையிலேயே என்னைக் காலையில் எழுப்புகிறது. நீ கேட்ட காரணம் இப்படித்தான் கிடைக்கும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று மலையாளம் படிப்பது. இத்தனை காலம் இங்கே இருந்தும் வாய் பேசும், கண் படிக்காது. ஆலப்புழைப் பக்கத்து கார்த்தியாயினி அம்மா உனக்கு நினைவிருக்கிறாரா? 2018இல், 96 வயசில், கேரள எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். அதோடு நிற்காமல் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார், கல்வி மந்திரி லேப்டாப் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போட்டோவைக் கடையில் ஒட்டியிருக்கிறேன். இப்போது கட்டப்பனை பஸ்ஸா, நெடுங்கண்டம் பஸ்ஸா என்று போர்டைப் பார்த்து நானே ஏறிவிடுகிறேன். பேத்தியின் பாடப்புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன், அவள் திருத்துகிறாள். அந்தச் சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்!

போடி ரயிலில் போவது என்ற வரியை, போய்வந்து அடித்தாகிவிட்டது. 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்திய வண்டி 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு வந்தது. அதில் ஏறித்தானே மதுரைக்கு உன்னைப் பார்க்க வந்தேன். இந்த மாதிரி ஆசைகள் அடுத்தவர் கையில் இருப்பவை, ஒன்றிரண்டு போதும்.

செய்யாமலே அடித்த வரியும் ஒன்று உண்டு. ஓர் ஏக்கர் ஏலத்தோட்டம் வாங்குவது. அது என் வீட்டுக்காரருடைய ஆசை. அவர் போன துக்கத்தில் என்னுடையதாக எழுதிவைத்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்ததே தவிர, ஓர் அடி எடுத்துவைக்கத் தோன்றவில்லை. போன வருஷம் அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, சொல்லிவிட்டு அடித்தேன். நீயும் எழுதும்போது பார். பிள்ளைகளுக்காக, ஊருக்காக எழுதியது எது, உனக்காக எழுதியது எது என்று உனக்கே தெரியும்.

இப்போது பெரிய ஆசைக்கு வருகிறேன். குறிஞ்சிப் பூ பார்ப்பது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். 2006இல் நம் இரண்டு பேருக்கும் பிள்ளைகள் படிப்பு. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்து, மண் சரிந்து மூணாறு ரோடெல்லாம் துண்டாகிப்போனது. அடுத்தது 2030. இரவிகுளத்தில், ராஜமலைச் சரிவு நீலமாக இருக்கும்போது உன்னோடு அங்கே நிற்க வேண்டும். தனியாகப் போவதாக நான் எழுதவில்லை, உன்னையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

அதற்கு உன் முழங்கால் வேண்டும். டாக்டர் ஆபரேஷன் என்கிறார், நீ பயந்து தள்ளிப்போடுகிறாய். அடுத்த முறை போகும்போது "வலிக்குது டாக்டர்" என்பதோடு நிறுத்தாதே. "சித்திரையில் கண்ணகி கோயில் போகணும், 2030இல் ராஜமலை ஏறணும், அதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து டாக்டர் வி.ஜே. பெரியகோயில் குழுவினர் அமெரிக்காவில் 3,056 பேரிடம் கேட்டு 2018இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இப்படி ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். நோயாளியின் ஆசை என்னவென்று டாக்டருக்குத் தெரிந்தால், வைத்தியத்தை அதற்குத் தோதாக அமைக்கலாம் என்கிறார் அவர். எனக்கு இது ரொம்ப நியாயமாகப் படுகிறது. முழங்காலின் எக்ஸ்ரேயை டாக்டர் பார்க்கிறார். அந்தக் காலை வைத்துக்கொண்டு நீ எங்கே போக நினைக்கிறாய் என்று நீ சொன்னால்தானே அவருக்குத் தெரியும்.

இந்தச் சித்திரைக்கு நடக்க வேண்டாம் என்று அவர் சொன்னால், இரண்டு பேரும் குமுளியிலிருந்து ஜீப்பிலேயே போவோம். என் நடை அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. முதல் நாளே வந்துவிடு, அன்றைக்கு விடியுமுன்பே ஜீப்புக்கு வரிசை நின்றுவிடும். ஆதார் அட்டை எடுத்து வா. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் நான் வைத்திருக்கிறேன்.

டாக்டர் சொன்னதை உடனே போனில் சொல். உன் பட்டியலின் முதல் வரியை மட்டும் கடிதத்தில் எழுது, உன் கையெழுத்தில் படிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் கூடலூர்த் தோழி