பயமுறுத்த மட்டுமே உதவும் பிரிவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில் மயிலாப்பூர் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். பிறன்மனைக் குற்றத்தைச் சட்டத்தில் மறுபடி சேர்க்க வேண்டும், உத்தராகண்டில் இருப்பதுபோல் கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் தமிழ்நாட்டுக்கும் வேண்டும் என்கிறார். இந்த மாதிரிச் சட்டத்தில் யாரும் ஜெயிலுக்குப் போகப்போவதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும், ஜனங்களுக்கு ஒரு பயம் இருக்கும் என்று முடித்திருந்தார். அந்தப் பயம் யார் தலையில் விழுகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறவன் நான். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே கென்னட் லேனில் ஒரு லாட்ஜில் மேலாளர். அதனால்தான் எழுதுகிறேன்.

விடியற்காலையில் நெல்லை, முத்துநகர், மலைக்கோட்டை ரயில்கள் வந்து சேர்ந்ததும் பெட்டியும் பையுமாக ஆட்கள் வரத் தொடங்குவார்கள். பொது மருத்துவமனைக்கு வருகிறவர்கள், ஹைகோர்ட் வாய்தாவுக்கு வருகிறவர்கள், முகூர்த்தப் பட்டு எடுக்க தி.நகர் போகிறவர்கள், பரீட்சை எழுத வந்த பிள்ளைகள். எல்லோரிடமும் பெயர், ஊர், எதற்காக வந்தார்கள், போன் நம்பர் எழுதி வாங்கி ஆதார் நகல் எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டுக்காரர் என்றால் 24 மணி நேரத்துக்குள் விவரம் அனுப்ப வேண்டும். இதெல்லாம் தேவையான நடைமுறை. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ராத்திரி போலீஸ் செக்கிங்கில்தான் வேறு விதமாகிவிடுகிறது. லெட்ஜரைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆணும் பெண்ணும் தங்கியிருக்கும் அறை எது எது என்று கேட்டு மாடியேறுவார்கள். ஒரு முறை தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த தம்பதி, நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவருக்கு மறுநாள் காலையில் ஸ்கேன். அந்த அம்மாவின் ஆதாரில் அப்பா பெயர்தான் இருந்தது. நம் ஊரில் பாதிப் பெண்களுக்கு அப்படித்தான், இனிஷியல் மாற்றியிருக்க மாட்டார்கள். கல்யாணம் ஆனதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அந்த அம்மா தாலியை எடுத்து வெளியே காட்டினார். அது போதாது என்று, லுங்கியோடு நின்ற கணவரை வராந்தாவின் அந்தக் கோடியில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, “உன் மாமியார் பேர் என்ன?” என்று இவரைக் கேட்டார்கள். பிறகு அங்கே போய் அவரைக் கேட்டார்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க. ஆஸ்பத்திரி ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவர் பதில் சொன்னார். பக்கத்து அறைக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. விடிவதற்குள் இருவரும் அறையைக் காலி செய்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் கல்யாணமானவர்கள் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆகாதவர்களாக இருந்திருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. 2019-இல் கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டை, கல்யாணமாகாத ஜோடி தங்கியிருந்தது என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சீலை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வதே குற்றம் இல்லை எனும்போது ஓர் அறையில் தங்குவது எப்படிக் குற்றமாகும் என்று கேட்டது. அந்தத் தீர்ப்பின் நகலை லேமினேட் செய்து கவுன்டரில் வைத்திருக்கிறேன். ஒரு சப் இன்ஸ்பெக்டர் அதை நின்று முழுக்கப் படித்துவிட்டு, “சரி சார், நீங்க பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படிப்பட்டவர்களும் காவல் துறையில் நிறைய இருக்கிறார்கள். ஆனால் வருகிற அதிகாரி எப்படிப்பட்டவர் என்பதை நம்பியா ஒரு மனிதனின் மானம் இருக்க வேண்டும்?

அதற்கும் முன்னால் நடந்தது குஷ்பு வழக்கு. கல்யாணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005-இல் ஒரு பத்திரிகையில் அவர் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாடு முழுக்க வழக்குப் போட்டார்கள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. வயது வந்த இருவர் மனமொப்பிச் சேர்வது சமூகத்துக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் பிறன்மனைக் குற்றப் பிரிவைத் தவிர வேறு எதிலும் அது குற்றம் இல்லை என்று அதில் இருக்கிறது. 2018 செப்டம்பரில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் அந்த 497-ஆவது பிரிவும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் போய்விட்டது. அதே மாதம் 6-ஆம் தேதி, ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவும், மனமொப்பிய பெரியவர்களைப் பொறுத்தவரை, போனது.

அப்புறமும் எதை வைத்து மிரட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். எந்தப் பிரிவு என்று எழுதித் தர மாட்டார்கள். “பிராத்தல் கேஸ் போட்டுடுவேன்” என்பார்கள். இல்லையென்றால் “செவன்ட்டி ஃபைவ்” என்பார்கள். 1888-ஆம் வருடத்துச் சென்னை நகரக் காவல் சட்டத்தின் 75-ஆவது பிரிவு அது. பொது இடத்தில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்வதற்கும் அநாகரிகமாக நடந்துகொள்வதற்கும் உள்ள பெட்டிக் கேஸ். பூட்டிய அறைக்குள் இருக்கிறவர்களுக்கு அது பொருந்தாது என்று எந்த வக்கீலும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்த வக்கீலைத் தேடிப் போவதற்குத்தான் யாரும் இல்லை. கேஸ் நடத்தினால் வீட்டுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், வேலை செய்யும் இடத்துக்குத் தெரியும். அதனால் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். கோர்ட்டில் ஒரு நாள்கூட நிற்காத கேஸ், கோர்ட்டுக்கே வராததால் வருடக்கணக்காகப் பிழைத்திருக்கிறது. மயிலாப்பூர் வாசகர் யாரும் தண்டிக்கப்படுவதில்லை என்கிறார். தண்டனை முழுவதும் லாட்ஜ் வராந்தாவிலேயே முடிந்துவிடுகிறது, ஐயா.

தீர்ப்பு வந்துவிட்டால் சட்டம் செத்துவிட்டது என்று நினைப்பதும் சரியில்லை. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகும் பல மாநிலங்களில் அதே பிரிவில் வழக்குப் பதிவு செய்துகொண்டுதான் இருந்தார்கள். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு அந்த வழக்குகளிலிருந்து பிரிவை நீக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டேஷனில் இருக்கும் புத்தகத்தில் அச்சாகியிருக்கும்வரை பிரிவு உயிரோடு இருக்கிறது. 377-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் குற்றம் இல்லை என்றது, உச்ச நீதிமன்றம் 2013-இல் குற்றம்தான் என்றது, 2018-இல் இல்லை என்றது. அந்த நான்கைந்து வருடங்களில் லட்சக்கணக்கானவர்கள் ஒரு பொழுதில் குற்றவாளிகளாகி மறுபடி குடிமக்களானார்கள். சட்டம் செய்கிற நாடாளுமன்றமோ 2015 டிசம்பரில் இது பற்றிய தனிநபர் மசோதாவை அறிமுகம் செய்யவே விடவில்லை, 71-க்கு 24 என்று தோற்கடித்தது. அந்தப் பிரிவை இங்கே விட்டுப்போன ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டில் 1967-லேயே அதை விலக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பிறன்மனைக் குற்றத்துக்கு வருகிறேன். 497-இல் தண்டனை ஆணுக்கு மட்டும், ஐந்து வருடம் வரை. வழக்குப் போடும் உரிமை கணவனுக்கு மட்டும். கணவனே சம்மதித்திருந்தால் குற்றம் இல்லை. துரோகம் செய்த கணவன்மேல் மனைவி இந்தப் பிரிவில் புகார் கொடுக்க முடியாது. இது கல்யாணத்தைக் காப்பாற்றவா எழுதப்பட்டது? மனைவியைக் கணவனின் சொத்தாகப் பார்த்து எழுதியது. தண்டனைச் சட்டத்துக்கு மெக்காலே குழு 1837-இல் கொடுத்த முதல் வரைவில் இந்தக் குற்றமே கிடையாது, பிற்பாடு சேர்த்தார்கள். 2023 நவம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு, ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக்கி இதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றது. நல்ல வேளையாக, தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் சேர்க்கவில்லை. துணை ஏமாற்றினால் விவாகரத்து கேட்கலாம், அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது. அதைத் தாண்டி போலீஸை உள்ளே விட்டால், சண்டை போட்ட கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பின்தொடர ஆள் வைத்துக்கொண்டு என் கவுன்டரில் வந்து லெட்ஜர் கேட்பார்கள். இப்போதே கேட்கிறார்கள்.

வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்று அந்த வாசகர் கேட்டிருந்தார். சொல்லியிருக்கிறார், “பிறன்மனை நோக்காத பேராண்மை” என்பதை நானும் மனதார ஏற்கிறேன். ஆனால் அவர் அதை எங்கே வைத்தார் என்று பாருங்கள். பிறனில் விழையாமை அறத்துப்பாலில் இல்லறவியலில் இருக்கிறது. அரசன் ஒறுக்க வேண்டியதைப் பேசும் செங்கோன்மை பொருட்பாலில் இருக்கிறது. அங்கே அவர் களையெடுக்கச் சொல்வது கொலையிற் கொடியாரை. வீட்டுக்குள் மனிதன் தனக்குத் தானே வைத்துக்கொள்ள வேண்டிய ஒழுக்கத்தை அவர் காவலனிடம் ஒப்படைக்கவில்லை.

497 போன பிறகும் அதன் ஒட்டு ஒன்று மிச்சம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 84-ஆவது பிரிவு, பழைய 498. இன்னொருவன் மனைவியைத் தகாத உறவுக்காகக் கவர்ந்து போனாலோ, அந்த நோக்கத்தோடு மறைத்து வைத்தாலோ இரண்டு வருடம் வரை சிறை. அந்தப் பெண்ணுக்கு விருப்பமா இல்லையா என்ற கேள்வியே அதில் இல்லை. ‘மறைத்து வைத்தல்’ என்ற சொல்லை வைத்து லாட்ஜ் மேலாளரைக்கூட மிரட்டலாம்.

மனமொப்பியது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை யாராவது அழைத்து வந்தாலோ, ஒரு பெண் பயந்து போயிருப்பது முகத்தில் தெரிந்தாலோ நானே 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கும் காவல் நிலையத்துக்கும் போன் செய்வேன், செய்திருக்கிறேன். ஆள் கடத்தலையும் குழந்தைகள் மீதான குற்றத்தையும் தண்டிக்கும் சட்டங்களில் ஒரு வரிகூடக் குறையக் கூடாது. புதிய சட்டத்தில் 377-ஐ மொத்தமாக எடுத்தபோது, பலவந்தத்துக்கு ஆளாகும் ஆணுக்கு இருந்த பாதுகாப்பும் சேர்ந்தே போய்விட்டது. அதைத் தனிப் பிரிவாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ராத்திரி செக்கிங் நேரம் இப்படிப்பட்ட நிஜக் குற்றங்களைத் தேடுவதற்குச் செலவாகட்டும்.

உத்தராகண்ட் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது அதில் இருந்தது இது: சேர்ந்து வாழத் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். யாராவது 21 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோருக்குத் தகவல் போகும். சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளைத் தேடி ஊரிலிருந்து ஆட்கள் கார் எடுத்துக்கொண்டு எழும்பூருக்கு வருவதைப் பார்த்த எனக்கு, அந்தத் தகவல் என்ன செய்யும் என்று தெரியும். 2021-இல் ஒருவரையொருவர் காதலித்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுத்திருந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்தப் பெண்களுக்குப் பாதுகாப்பு தந்ததோடு, இப்படிப்பட்டவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று வழிகாட்டுதல்களும் வகுத்தார். 2022-இல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளிலேயே அதைச் சேர்த்தது. இந்த விஷயத்தில் மற்ற மாநிலங்கள் நம்மைப் பார்த்து நடக்க வேண்டும். நாம் உத்தராகண்டைப் பார்த்து நடக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் 84-ஆவது பிரிவை நீக்கத் திருத்த மசோதா கொண்டுவர வேண்டும். 1888-ஆம் வருடத்துச் சட்டம் மாநிலத்தின் கையில் இருப்பதால், 75-ஆவது பிரிவில் அநாகரிகம் என்றால் என்ன என்பதைச் சட்டமன்றம் வரையறுத்து, கடற்கரையில் சேர்ந்து உட்கார்வதும் அறையில் சேர்ந்து தங்குவதும் அதில் வராது என்று எழுத வேண்டும். அதுவரை, கல்யாணச் சான்று கேட்கக் கூடாது என்று காவல் ஆணையர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், அதையும் லேமினேட் செய்து கவுன்டரில் வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லாட்ஜ் மேலாளர்,
எழும்பூர், சென்னை - 8