கழுகுக் கதையை எடுத்துவிடு, மல்லிகா

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
ஐப்பசி 24

அன்புள்ள மல்லிகாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் மருமகள் சிரித்தாளாமே. சிரிக்கட்டும். போனில் பேசினால் குக்கர் விசில், கூரியர்காரர் என்று பாதியில் எழுந்து ஓடிவிடுகிறாய். காகிதம் என்றால் கடைசி வரி வரை படித்துத்தானே ஆகவேண்டும்.

தீபாவளி முடிந்த கையோடு இங்கே மழை பிடித்துக்கொண்டது. கெடிலத்தில் செந்தண்ணீர் ஓடுகிறது. டிவியில் புயல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் தெருக் கடையில் மெழுகுவத்தி தீர்ந்துவிடும். 2011 டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் வந்து போனதிலிருந்து இந்த ஊருக்கு அந்தப் பயம் விட்டபாடில்லை. இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் வரும் பொடி எழுத்து டெண்டர் விளம்பரத்தைக்கூட வாசித்துக் காட்டி உயிரை எடுக்கிறார். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

பள்ளி ஆண்டு விழாவில் பேசுவதற்கு நீ எழுதி அனுப்பிய ‘பறவைகள் சொல்லும் பாடம்’ உரையைப் படித்தேன். ‘காலையில் காப்பி டம்ளரோடு மாடியில் நின்று குருவி பார்க்கிறவள் நீதானே, சரிபார்த்துக் கொடு’ என்று கேட்டிருக்கிறாய். கேட்டதற்கு அப்புறம் வருத்தப்படக்கூடாது.

முதலில் அந்தக் கழுகு. நாற்பது வயதில் அலகும் நகமும் வளைந்துவிடுகிறதாம். மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்து, புது அலகு முளைத்ததும் நகத்தைப் பிடுங்கி, புது நகத்தால் இறகைப் பிய்த்து, ஐந்து மாதத் தவத்துக்குப் பிறகு இன்னும் முப்பது வருஷம் வாழ்கிறதாம். எங்கள் குடும்ப குரூப்பிலும் இது அடிக்கடி வருகிறது, பின்னணியில் வயலினோடு. தயவுசெய்து எடுத்துவிடு. அலகு போன கழுகு ஐந்து மாதம் எதைக் கிழித்துத் தின்னும்? அலகின் மேலுறை நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான். தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் உண்டு. அதை உடைத்துக்கொண்டால் பட்டினியில் சாக வேண்டியதுதான். இறகும் மொத்தமாகக் கொட்டாது. பறப்பது நின்றுபோகாதபடி ஒன்றிரண்டாக உதிர்ந்து ஒன்றிரண்டாக முளைக்கும். வயதுக் கணக்காவது சரியா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் காலில் வளையம் மாட்டி விட்ட வெண்தலைக் கழுகுகளில் அதிக வயது என்று பதிவானது 38. அதுவும் 2015-ல் வண்டியில் அடிபட்டுத்தான் செத்தது. காட்டில் நாற்பதைத் தொட்டதாகப் பதிவே இல்லாத பறவைக்கு நாற்பதில் மறுபிறவி!

பருந்து வேண்டுமென்றால் எங்கள் துறைமுகத்துக்கு, மீன் இறங்கும் நேரத்துக்கு வந்து பார். செம்பருந்துகள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கும். வலையிலிருந்து உதறிவிடும் பொடிமீன் தண்ணீரில் விழுந்தவுடன் ஒன்று சரிந்து இறங்கி, காலால் கவ்விக்கொண்டு மேலே போய், பறந்தபடியே குனிந்து தின்னும். கருடன் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அதே பறவைதான். கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேல் வட்டமிட்டால் ஊரே கைகூப்பும். அங்கே மீன் விற்கும் அம்மாக்கள் மட்டும் கும்பிடுவதும் இல்லை, விரட்டுவதும் இல்லை. கூடையை மூடி வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

அன்னம் பாலையும் தண்ணீரையும் பிரிக்கும் என்பதையும் எடுத்துவிடு. எந்தப் பால்காரரும் நம்பமாட்டார்.

கொக்கை மட்டும் விடாதே. நீ இரண்டே வரியில் தாண்டிப் போயிருக்கிறாய், எனக்குக் கோபமாக வந்தது. ‘கொக்கொக்க கூம்பும் பருவத்து மற்றதன் குத்தொக்க சீர்த்த இடத்து’ என்று நாம் மனப்பாடம் செய்தோமே, 490-ஆம் குறள், அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டு மறந்துவிட்டோம். கெடிலம் பாலத்துக்குக் கீழே, மழைக்கு முன்னால் தண்ணீர் தெளிவாக இருந்த நாளில் ஒரு மடையான் கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேற்று நிறத்தில், கழுத்தே இல்லாத மாதிரி தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டு நிற்கும். ‘கூம்பும்’ என்ற சொல்லுக்கு அதைவிட வேறு படம் வேண்டாம். பிறகு ஒரு கால் மெல்ல முன்னால் வரும், வந்த சுவடு தண்ணீரில் தெரியாது. அப்புறம் அந்த இல்லாத கழுத்து எங்கிருந்தோ முழம் நீளத்துக்கு வெளியே வந்து, ஒரே குத்து. இதைக் கரையில் நின்று பார்க்காதவர் அந்தக் குறளை எழுதியிருக்க முடியாது. பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சொல். பல தடவை அந்தக் குத்தில் வெறும் தண்ணீர்தான் கிடைக்கிறது. அலகை உதறிவிட்டு மறுபடியும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ‘உறுமீன் வருமளவும்’ என்று பாடிய ஔவையும் இந்தப் பகுதியைச் சொல்லவில்லை.

‘பகல்வெல்லும் கூகையைக் காக்கை’ என்ற குறளும் அப்படிக் கண்ணால் கண்டதுதான். பின்வீட்டுத் தென்னையில் ஒரு கூகை பகலில் மாட்டிக்கொண்டது. தெருக் காக்கை எல்லாம் கூடி அதைக் கொத்தி விரட்டிய ஆர்ப்பாட்டம் இருக்கிறதே, எலெக்‌ஷன் கூட்டம் தோற்றது. உங்கள் அம்மா ஆந்தை சத்தம் கேட்டாலே வாசலில் தண்ணீர் தெளிப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? வங்காளத்தில் அதே ஆந்தை லட்சுமிக்கு வாகனம். இங்கே நெல் வயலில் டி வடிவத்தில் குச்சி நட்டு வைக்கிறார்கள், ராத்திரி ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று. வீட்டுக்கு ஆகாத பறவை வயலுக்கு ஆகிறது.

காக்கை பகிர்ந்து உண்ணும் என்று நீ எழுதியிருப்பதில் தப்பில்லை. ஆனால் மகாளய அமாவாசையன்று நடந்ததைக் கேள். மாமியாருக்குப் படையல் போட்டு, மாடிச் சுவரில் சோறும் வடையும் வைத்துவிட்டு இவர் ‘கா கா’ என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். ஒன்று வந்தது. கரைந்தது, நாலைந்து சேர்ந்தன. குறள் சொன்னபடி எல்லாம் சரி. அதற்குள் முதலில் வந்ததே, அது ஒரு முழு வடையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுச் சன்ஷேடுக்குப் போயிற்று. அங்கே காலியாகக் கிடந்த பூத்தொட்டிக்குள் வடையைத் திணித்து, இப்படியும் அப்படியும் பார்த்து, ஒரு காய்ந்த வேப்பஞ்சருகை எடுத்து அதன் மேல் போட்டது. பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி திரும்பி வந்து சோற்றுப் பந்தியில் உட்கார்ந்தது. இவருக்கு ஒரே சந்தோஷம். “அம்மாவேதான், சந்தேகமே இல்லை” என்றார். மாமியார் முறுக்கு டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பார், உனக்குத்தான் தெரியுமே. வள்ளுவர் காக்கையை ‘கரவா’, அதாவது ஒளிக்காது, என்று சொல்லிவிட்டாரே என்று நீ தயங்கவேண்டாம். கூப்பிடுவதும் காக்கைதான், ஒளிப்பதும் காக்கைதான். இரண்டையும் சொன்னால் பிள்ளைகள் அடுத்த நாளே மாடிக்குப் போய்ப் பார்ப்பார்கள்.

தூக்கணாங்குருவியைக் குடும்பப் பொறுப்புக்கு உதாரணமாக வைத்திருக்கிறாய். இதில்தான் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் பாகூர் போனபோது, ஏரிக்கரைப் பனையில் வரிசையாகத் தொங்கிய கூடுகளைப் பார்த்தேன். ஓலையிலிருந்து நார் கிழிப்பதும் பின்னுவதும் எல்லாம் ஆண். பாதி முடிந்து, தலைக்கவசம் கவிழ்த்த மாதிரி இருக்கும்போது பெண் வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். பிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் அது அப்படியே அரைகுறையாகத் தொங்கவேண்டியதுதான். பிடித்து, முட்டையிட்டு, பெண் அடைகாக்கத் தொடங்கியதும் ஐயா என்ன செய்கிறார் தெரியுமா? அடுத்த பெண்ணுக்காக அடுத்த கூட்டைக் கட்டப் போய்விடுகிறார். பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி 1930-ஐ ஒட்டி மும்பைக்குத் தெற்கே கிஹிம் என்ற கடற்கரை ஊரில் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்து, இதை விவரமாக எழுதி வைத்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வாயோ, அது உன் சாமர்த்தியம். கூட்டுக்குள் மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கும் என்பார்களே, விளக்கு நம் கற்பனை. ஆனால் களிமண் ஒட்டியிருப்பது உண்மை. விழுந்து கிடந்த ஒரு கூட்டைப் பிரித்து நானே தொட்டுப் பார்த்தேன், காய்ந்து கல்லாக இருந்தது.

மைனாவை நீ சேர்க்கவே இல்லையே. நம் பள்ளிக்கூடத்து மதில்மேல் ஒற்றை மைனா வந்தால் சோகம், இரண்டு வந்தால் சந்தோஷம் என்று கணக்குப் பரீட்சைக்கு முன்னால் இரண்டாவதைத் தேடி மூலை மூலையாக ஓடினோமே! அது இங்கிலாந்தில் மேக்பை என்ற பறவையை எண்ணிச் சொல்லும் பாட்டு. நம் ஊரில் மேக்பை ஏது, பாவம் மைனா தலையில் ஏறிக்கொண்டது. கிளி ஜோசியத்தையும் நீ ரசித்து எழுதியிருக்கிறாய். அதை வெட்டிவிடு. கிளியைப் பிடித்து அடைப்பது 1972 வன உயிர்ச் சட்டப்படி குற்றம். இறக்கையை வெட்டியவன் கையில் நெல் வாங்கித் தின்கிற கிளியா நமக்கு எதிர்காலம் சொல்லப்போகிறது?

உரையின் கடைசிப் பத்தியைப் பற்றி எழுதுவதற்குள் இவ்வளவு சுற்றிவிட்டேன். ‘சிறகு முளைத்ததும் குஞ்சு பறந்துவிடும், தாய்ப்பறவை திரும்பிப் பார்ப்பதில்லை, நாமும் அப்படி இருக்கப் பழகவேண்டும்’ என்று முடித்திருக்கிறாய். அது பிள்ளைகளுக்கு எழுதியது இல்லை, மல்லிகா. சேகர் கனடா போன நாளிலிருந்து நீ உனக்கே சொல்லிக்கொள்வது.

ஆனி மாதம் எங்கள் வேப்பமரத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு காக்கை, பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதன் உயரத்துக்கு ஒரு கறுப்புக் குஞ்சு. இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, சிவந்த வாயைத் திறந்துகொண்டு ஓயாமல் கத்துகிறது. பறக்கத் தெரியாமல் இல்லை, கிளைக்குக் கிளை தாயின் பின்னாலேயே பறந்துதான் போகிறது. போய் உட்கார்ந்து மறுபடி வாயைத் திறக்கிறது. காக்கையும் எங்கெங்கோ போய்ப் பொறுக்கி வந்து, அந்த வாய்க்குள் தலையையே விட்டு ஊட்டுகிறது. உற்றுப் பார்த்தால் அது குயில் குஞ்சு. குயில் முட்டை காக்கை முட்டைக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே பொரிந்துவிடும், அதனால் ஊட்டுவதில் முதல் பங்கு அதற்குத்தான். புதுவை மாஞ்சோலையில் பாரதி கேட்டுப் பாடிய குயில் கதையில் பெண்ணாகிறது. நிஜத்தில் ‘கூ’ என்று இழுத்துப் பாடுவது ஆண். அந்தப் பாட்டுக்காரனை வளர்த்துவிட்டது இப்படி ஒரு காக்கையாகத்தான் இருக்கும்.

கூட்டைவிட்டு இறங்கிய பிறகும் காக்கையும் மைனாவும் கொண்டலாத்தியும் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரேயடியாக விட்டுவிட்டுப் போவதில்லை. அதற்குப் பிறகு ஒரு கட்டத்தில் பிரிந்துபோவதும் உண்மைதான். அது பறவைக்குச் சரி. அடுத்த சித்திரையில் அதற்கு வேறு முட்டை இருக்கிறது, வேறு கவலை இருக்கிறது. உனக்கு ஒரே பிள்ளை. அவன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடவில்லையென்றால் உனக்கு வருத்தமாக இருந்தால், இருக்கட்டுமே. நீயே கூப்பிடு. ‘தொந்தரவு செய்யக்கூடாது’ என்று காக்கையைச் சாட்சிக்கு இழுக்காதே, அது உன் கட்சிக்கு வராது. அந்தப் பத்தியை உரையிலிருந்து எடுத்துவிட்டு, வேண்டுமானால் சேகருக்கு எழுது.

மழை விட்டால் மார்கழியில் இங்கே வந்துவிடு. கடலூரிலிருந்து புதுச்சேரி போய், அங்கிருந்து ஊசுட்டேரி பக்கம்தான். 2008-ல் புதுச்சேரி அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஏரியின் இன்னொரு பாதி தமிழ்நாட்டுப் பக்கம், விழுப்புரம் மாவட்டத்தில் கிடக்கிறது. கூழைக்கடா, நாரை எல்லாம் இருக்கும். வடக்கேயிருந்து வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மாசிவரை தங்கும். இவருடைய பைனாகுலர் இருக்கிறது, கண்ணும் இப்போது நன்றாகத் தெரிகிறது, அதனால் விட்டுக்கொடுக்கமாட்டார். உனக்கு ஒன்று யாரிடமாவது கடன் வாங்கிக்கொண்டு வா. ஆண்டு விழா தை கடைசியில்தானே, பார்த்துவிட்டுப் போய் உரையைத் திருத்திக்கொள்ளலாம்.

வரும்போது நீ அரைக்கும் ரசப்பொடி அரைக் கிலோ கொண்டுவா. போன தடவை கொடுத்தது தீர்ந்து ரொம்ப நாளாகிறது. கடைப்பொடி ரசத்தைக் குறை சொல்லியே இவர் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார்.

அன்புடன்,
கமலா