தாத்தாவின் அட்டையைச் சுவரில் வையுங்கள்

தமிழர் மரபுக் கண்காட்சிக் குழுவினருக்கு வணக்கம்.

நான் உங்களிடம் கொடுத்த தொழிற்சங்க உறுப்பினர் அட்டை போன வாரம் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகத் திரும்பி வந்தது. நன்றி. கூடவே ஒரு சீட்டு: ‘கருப்பொருளுக்குப் பொருந்தவில்லை.’

அது சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் தாத்தாவுடையது. மாதச் சந்தா வில்லைகள் 1948 மே வரை ஒட்டியிருக்கும். ஜூன் கட்டம் காலி. அந்த மாதம்தான் மலாயாவிலும் இங்கும், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரநிலை வந்தது. வீடு மாறியபோதெல்லாம் அம்மா அந்த அட்டை இருந்த பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவார். கண்காட்சி திறந்த அன்று சக்கர நாற்காலியில் வந்தவர், ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகப் பார்த்துவிட்டு, “அப்பா அட்டை எங்கடா?” என்றார். உரல் இருந்தது. வெற்றிலைப் பெட்டி இருந்தது.

துறைமுகத் தொழிலாளர் படத்துக்குக் கீழே ‘கடுமையாக உழைத்தவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, உழைத்தார்கள். உலக அரசியலும் பேசினார்களே! 1945இல் பாரிஸில் உலகத் தொழிற்சங்க சம்மேளனம் உருவானபோது சோவியத், பிரிட்டிஷ் சங்கங்கள் ஒரே அமைப்பில் இருந்தன. பனிப்போர் அதை உடைத்தது. 1949 டிசம்பரில் லண்டனில், விலகிய மேற்கத்திய சங்கங்களின் எதிரணி அமைந்தது. அதே ஆண்டு மே 4ஆம் தேதி, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியைக் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர் உயிருக்காக இந்திய அரசு மன்றாடியும் பயனில்லை. அதற்கு முந்தைய நாள், சிங்கப்பூர்த் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இருவரும் தமிழர்கள். உங்கள் சுவரில் இருவர் பெயரும் இல்லை.

அவர்களைப் புகழச் சொல்லவில்லை. மாற்றுக் கருத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். உலக சோஷலிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான சோஷலிஸ்ட் இன்டர்நேஷனலிலிருந்து சிங்கப்பூரின் மக்கள் செயல் கட்சியை வெளியேற்ற டச்சுத் தொழிற்கட்சி கோரியதும், 1976இல் மக்கள் செயல் கட்சி தானே அதை விட்டு விலகியதும்கூட நம் ஊர் வரலாறுதான். மரபு என்றாலே கோலமும் பூமாலையும்தானா? எத்தனை ஆண்டுகளாக இதையே பார்க்கிறோம்! நம் பிள்ளைகளுக்கு அவர்களுடைய பாட்டன்மார் கூலிகளாக மட்டுமே தெரிந்தால் போதுமா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: அட்டையை வையுங்கள், கீழே அந்த இரண்டு பெயர்களையும் எழுதுங்கள். கண்காட்சி முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் நாளில் நானே கொண்டுவந்து தருகிறேன். அம்மாவும் வருவார்.

பணிவுடன்,
ஒரு துறைமுகத் தொழிலாளியின் பேரன்