குல்மார்க்கில் ஸ்னோமொபைல்: எதற்குச் சரி, எதற்கு வேண்டாம்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

காஷ்மீரின் பனிச்சறுக்கு ஊரான குல்மார்க்குக்கு நாங்கள் நடத்தும் குளிர்காலப் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களில் இளவட்டங்கள் பலர் ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள். ஸ்னோமொபைலில் (பனியில் ஓடும் மோட்டார் வண்டியில்) ஏறி ஆளில்லாத மலைச்சரிவுக்குப் போய், யார் காலும் படாத பனியில் ஸ்கீயோ ஸ்னோபோர்டோ (சறுக்குப் பலகைகள்) கட்டி இறங்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "இதையும் பேக்கேஜில் சேர்த்துவிடுங்கள், எவ்வளவு ஆனாலும் சரி" என்கிறார்கள். நாங்கள் சேர்க்கவில்லை. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவிடுவது மேல்.

முதலில் வண்டி. குல்மார்க்கிலும், கொண்டோலாவின் (கம்பியில் தொங்கிச் செல்லும் கேபிள் காரின்) முதல் கட்டம் முடிகிற கொங்டூரியிலும் வாடகைக்கு ஓடுவது, இறுகிய பனியில் ஒரு சுற்று போய்வருவதற்கான ஸ்னோமொபைல். குழந்தைகளோடு வருகிறவர்கள் தாராளமாக ஏறலாம். ரேட்டை மட்டும் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். வீடியோவில் வருவது வேறு ரகம். கனடாவின் ரெவல்ஸ்டோக், அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா பக்கங்களில் மலைக்கென்றே செய்த வண்டிகள் ஓடுகின்றன. அவற்றின் ரப்பர் டிராக் (சக்கரத்துக்குப் பதிலாகச் சுழலும் பட்டை) நீளமாக, ஆழமான பற்களோடு இருப்பதால் இடுப்பளவு தூள்பனியிலும் ஏறும். ஆனாலும் 200 கிலோவுக்கு மேல் எடை. புதைந்துவிட்டால் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் தூரம். அரை மணி நேரம் வண்டியில் போன வழியை, வண்டி நின்றுபோனால், மார்பளவு பனியில் நடந்து திரும்ப ஒரு பகல் போதாது. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் ஒற்றை வண்டியில் போவதில்லை. மண்வாரியையும், பனியில் புதைந்தவரைக் குத்தித் தேடும் நீளக் கம்பியையும் வண்டிப் பையில் வைக்காமல் முதுகுப்பையிலேயே சுமப்பார்கள். வண்டி புதைந்தால் அதிலிருக்கும் சாமானும் சேர்ந்து போய்விடும் அல்லவா? மேலே ஆட்களை இறக்கிவிட்டுக் கீழே காத்திருக்கும் டிரைவருக்கும் ஒரு பாடம் உண்டு: சரிவுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தக் கூடாது.

பனிச்சரிவுக்கு, அதாவது மலைப்பனி மொத்தமாகச் சரிந்து விழுவதற்கு, வருவோம். இன்ஜின் சத்தத்தால் மலை சரியும் என்பது சினிமாக் கதை. சரிய வைப்பது பாரம். ஏறத்தாழ 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவில், அடியில் பலவீனமான பனி அடுக்கு இருந்தால், ஒரு ஆளின் எடையே போதும். வண்டியின் எடையைச் சொல்லவே வேண்டாம். சறுக்குகிறவர்கள் ஆசைப்படுவதும் அதே சாய்மானத்துக்குத்தான். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு, அதற்குப் பிறகு மளமளவென்று குறைந்துவிடும். வெளியிலிருந்து உதவி வந்துசேர அந்த நேரம் போதாது. கூட வந்தவர்களிடம் பீக்கன் கருவியும் (புதைந்தவர் இருக்கும் இடத்தை ரேடியோ சிக்னலால் காட்டுவது), அதை வைத்துத் தேடும் பழக்கமும் இருந்தாக வேண்டும்.

நம் கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டு மாதிரி, பனிச்சரிவு அபாயத்துக்கும் 1 முதல் 5 வரை எண் உண்டு. 3 என்றால் பாதி ஆபத்துதானே என்று தோன்றும். ஆனால் நிறைய உயிர்கள் போவது 3-ஆம் எண் நாள்களில்தான். 4, 5 என்றால் பயந்து பெரும்பாலோர் போவதில்லை. குல்மார்க்கிலேயே 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யரும் பனிச்சரிவில் இறந்தார்கள். காற்று, பனிச்சரிவு காரணமாக அபர்வத் மலைக்குப் போகும் இரண்டாம் கட்ட கொண்டோலாவை மூடிவிடும் நாள்கள் உண்டு. "அப்போ ஸ்னோமொபைலில் மேலே போய்விடலாமே" என்று அங்கே யாராவது அழைத்தால், தயவுசெய்து ஏறாதீர்கள்.

பிரான்சில் மகனோ மகளோ இருக்கும் நம் ஊர்க் குடும்பங்களும் விசாரிக்கிறார்கள். பிரான்சில் 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொழுதுபோக்குக்காக ஸ்னோமொபைலைத் திறந்த மலையில் ஓட்ட முடியாது. ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான். அங்கே ஸ்கீயின் அடியில் பின்னால் வழுக்காமலிருக்கப் பட்டை ஒட்டி நடந்தே ஏறுகிறார்கள். எனக்கென்னவோ அதுதான் பிடித்திருக்கிறது. கனடா போகிறவர்கள், அங்கே இரண்டு நாள் அடிப்படைப் பனிச்சரிவுப் பயிற்சியை முடித்துவிட்டு எங்களிடம் சொல்லுங்கள். வழிகாட்டியோடு சவாரியை ஏற்பாடு செய்கிறோம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் சாட்டிலைட் போன், இன்ரீச் (சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி) போன்றவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டாம். அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம், ஏர்போர்ட்டிலேயே பிடிப்பார்கள். அப்புறம், நம் ஊர் ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

சறுக்கவே தெரியாதவர்களுக்குப் பயிற்சியாளரோடு குல்மார்க்கின் தாழ்வான சரிவுகள், அதோடு கொங்டூரியில் ஒரு ஸ்னோமொபைல் சுற்று: இதுதான் இந்த ஆண்டுப் பேக்கேஜ். ஏற்கெனவே நன்றாகச் சறுக்கத் தெரிந்து, வெளிச்சரிவுக்கு (ஒதுக்கிய சறுக்குப் பாதைக்கு வெளியே) போக விரும்புகிறவர்கள் தனியாகப் பேசுங்கள். வழிகாட்டி, பீக்கன் வாடகை, வெளிச்சரிவையும் சேர்த்த காப்பீடு மூன்றும் இருந்தால்தான் பதிவு செய்வோம். ஆளில்லாத மலைச்சரிவுக்கான ஸ்னோமொபைல் சவாரியை நம்பி முன்பணம் கட்டியவர்கள், டிக்கெட் போடும் முன் சொல்லிவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்,
மிஷன் வீதி, புதுச்சேரி