4118 முதல் 4131 வரை: வாகனத் தொடர்புத் தரநிலை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வாகனத் தொழில்துறைத் தரநிலைக் குழுவின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கார்கள் ஒன்றோடொன்று ரேடியோவில் பேசிக்கொள்வது பற்றி எழுதவும் பேசவும் இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள். எந்த அலைவரிசை, எந்தப் பெட்டி, விலை எவ்வளவு என்பதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நான் சொல்ல வந்தது பிழைதிருத்தக் குறிமுறை பற்றி. காற்றில் சிதைந்து வரும் பிட்டுகளைத் திருத்தி எடுக்கிற கணக்கு அது. அந்தத் திருத்தலைச் செய்யும் டிகோடர் நிரல் எழுதித்தான் என் பிழைப்பு ஓடுகிறது, அதனால் கொஞ்சம் நீட்டி முழக்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இரண்டு கார்களில் ஆளுக்கொரு ரேடியோப் பெட்டியைப் பொருத்தி ஒருநாள் ஓட்டிப் பார்த்தோம். வினாடிக்கு 10 செய்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண். பாதி வழியில் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கன்டெய்னர் லாரி புகுந்தது. ஓட்டி முடித்து டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தால், நூற்றுக்கு 92 செய்தி வந்து சேர்ந்திருந்தது. "92 வந்திருக்கு அண்ணா, பாஸ்தான்" என்றான் கூட வந்த தம்பி. பதிவை மெல்ல உருட்டினேன். 4117-க்கு அடுத்த வரி 4132. நடுவில் 14 செய்திகளைக் காணோம். அதாவது 1.4 வினாடி. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 31 மீட்டர். முன்னால் போனவர் அந்த 31 மீட்டருக்குள் பிரேக் போட்டிருந்தால் பின்னால் வந்த பெட்டிக்கு அது தெரிந்தே இருக்காது.

பத்தில் ஒன்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைவது வேறு, பத்து வினாடியில் ஒரு முழு வினாடி தொலைவது வேறு. சராசரியில் இரண்டும் 90 என்றுதான் காட்டும்.

இழப்பு இப்படிக் கொத்தாக வந்தால் ஏன் மீட்க முடிவதில்லை? ஓலைச்சுவடியை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்பாவில் ஓர் எழுத்தைப் பூச்சி அரித்திருந்தால் எதுகையும் தளையும் சேர்ந்து அங்கே என்ன இருந்திருக்கும் என்று காட்டிக்கொடுத்துவிடும். யாப்பு என்கிற அந்தக் கூடுதல் சுமைதான் பதிப்பாசிரியருக்குக் கைகொடுக்கிறது. நாங்கள் செய்வதும் அதேதான்: ஒரு பிட்டுக்கு இரண்டு பிட்டாக அனுப்பி, கூடுதலாக அனுப்பியதை வைத்துத் தொலைந்ததை மீட்கிறோம். ஆனால் அடியே முழுசாகப் போய்விட்டால் உ.வே.சா.வே வந்தாலும் புள்ளி வைத்துவிட்டு நகர வேண்டியதுதான். இதற்கு ஒரு தந்திரம் உண்டு. பல பாடல்களின் எழுத்துகளைக் கலைத்து வெவ்வேறு ஓலைகளில் எழுதிவைத்தால், ஓர் ஓலை மண்ணானாலும் பாட்டுக்கு ஓரிரு எழுத்துதான் போயிருக்கும். இதைத்தான் இன்டர்லீவிங் என்கிறோம்.

வாகனங்களுக்கென்று 2010-இல் வந்த 802.11p என்ற வைஃபை வழித் தரநிலையிலும் இன்டர்லீவிங் உண்டு. ஆனால் ஒரு சிம்பலுக்குள், அதாவது ஒரே மூச்சில் போகும் பிட்டுக் கட்டுக்குள் மட்டும்தான். 6 மெகாபிட் வேகத்தில் ஒரு சிம்பல் என்பது 8 மைக்ரோவினாடி, 96 பிட். ஒரே ஓலைக்குள் எழுத்துகளைக் குலுக்கிப்போடுவது போல. அந்த ஓலையே போனால் என்ன செய்வது? இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து பயன்படுத்துவதற்காக 1999-இல் வந்த வைஃபையின் அலைவரிசை அகலத்தைப் பாதியாக்கி, சிம்பல் நீளத்தை இரட்டித்துச் செய்ததுதானே அது. அதிலுள்ள கன்வல்யூஷன் என்ற பிழைதிருத்தக் குறிமுறை 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களிலும் இருந்தது. தங்கமான குறிமுறைதான். ஆனால் விண்வெளி இரைச்சல் பிட்டுகளைச் சிதறலாகக் கெடுக்கும், நெடுஞ்சாலை கொத்தாகக் கெடுக்கும்.

எவ்வளவு கொத்தாக? 5.9 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 5 சென்டிமீட்டர். நேரெதிரே வரும் இரண்டு கார்கள் ஆளுக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், வினாடிக்கு 55 மீட்டர் நெருங்குகின்றன. 300 பைட் செய்தி காற்றில் இருக்கும் நேரம் 0.45 மில்லிவினாடி. அந்த நேரத்துக்குள் கார்கள் 2.5 சென்டிமீட்டர் நெருங்கிவிடுகின்றன. அது பாதி அலைநீளம்! பட்டுத் தெறித்து வரும் அலைகளும் கலப்பதால், செய்தி தொடங்கும்போது மேட்டில் இருந்த சிக்னல் முடியும்போது பள்ளத்தில் கிடக்கலாம். காற்றின் நிலையைச் செய்தியின் தலைப்பில் ஒருமுறை அளந்துவிட்டு, கடைசி பிட் வரை அந்த அளவையே நம்பி இருந்தால் வால் பகுதி குப்பையாகிறது. காற்றை அளப்பதற்கென்றே கூடப் போகும் நான்கு பைலட் சிக்னல்கள் நடுநடுவே உதவும், ஆனால் 52 துணை அலைகளில் 4 எந்த மூலைக்கு? கடைசியில் ஒரு பிட் தவறாக இருந்தாலும் சரிபார்ப்பு எண் ஒத்துப்போகாது, முழுச் செய்தியும் தள்ளுபடி. யாருக்கென்று இல்லாமல் எல்லோருக்குமாகக் கூவுகிற செய்தி என்பதால், "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்கவும் வழியில்லை.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. செல்பேசி வழியில் வந்த எல்டிஇ (4ஜி) முறையில் டர்போ என்ற வலுவான குறிமுறை உண்டு. அதே செய்தியைச் சில மில்லிவினாடி தள்ளி, கேட்காமலேயே இன்னொரு தடவை அனுப்பும் வசதியும் உண்டு. அடுத்து வந்த 5ஜி முறை தரவுக்கு எல்டிபிசி, கட்டுப்பாட்டுக்கு போலார் என்ற வேறு இரண்டு குறிமுறைகளுக்குப் போனது. எல்டிபிசியை ராபர்ட் கேலகர் எம்ஐடியில் ஆய்வு மாணவராக இருந்தபோது, 1960-லேயே எழுதிவிட்டார். அதை ஓட்டக்கூடிய சிப் வருவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன, அது தனிக் கதை. வைஃபை பக்கமும் 802.11p-க்கு அடுத்து வந்த 802.11bd எல்டிபிசிக்கு மாறி, செய்தியின் நடுவிலேயே மறுபடி அளக்கவும் செய்கிறது. எந்த முகாம் என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. ஆனால் முதல் நாள் எதை எழுதுகிறீர்களோ அது லேசில் போகாது. பழைய பெட்டிக்குப் புதிய குறிமுறை புரியாது, நம் ஊரில் ஒரு காரின் பதிவே 15 வருஷத்துக்கு.

சரி, எல்லாச் செய்தியையும் இரண்டு முறை அனுப்பச் சொல்லிவிடலாமா? கூடாது. சென்னை கத்திப்பாரா சந்திப்பில் மாலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். ஒரு வண்டி வினாடிக்கு 10 செய்தி அனுப்பினால் 4.5 மில்லிவினாடி காற்றை எடுத்துக்கொள்கிறது. 200 வண்டிகள் சேர்ந்தால் 0.9 வினாடி, நடுவே விட வேண்டிய இடைவெளியைக் கணக்கில் எடுக்காமலேயே. இருசக்கர வண்டிகளையும் சேர்த்தால் 200 எல்லாம் ஒரு போக்குவரத்து சிக்னலுக்கே காணாது. நெரிசலில் எல்லோரும் இருமுறை கூவினால் யாருக்கும் எதுவும் கேட்காது. நெரிசலில் வேகம் குறைவு, அதனால் சிக்னலின் ஏற்ற இறக்க வேகமும் குறைவு, அங்கே ஒருமுறை போதும். காலியான நெடுஞ்சாலையில் காற்றும் காலி, அங்கே இரண்டு தடவை அனுப்பட்டும். வேகத்தையும் நெரிசலையும் பார்த்துப் பெட்டியே முடிவெடுக்கும்படி விதி எழுதலாம்.

அப்புறம் அந்த லாரி. இதில் என் தொழிலுக்கு எதிராகவே நான் பேச வேண்டியிருக்கிறது. பெரிய லாரி குறுக்கே நின்றால் சிக்னல் 10 டெசிபெல், அதாவது பத்தில் ஒரு பங்காக, அதற்கு மேலும்கூட விழக்கூடும். நல்ல குறிமுறை மீட்டுத் தருவது சில டெசிபெல்தான். பாதி அலைநீளப் பள்ளத்தைக் கணக்குப் போட்டுத் தாண்டலாம். 1.4 வினாடி மறைப்பை எந்த டிகோடராலும் தாண்ட முடியாது. அதற்கு லாரியின் உச்சியில் இருக்கும் ஆன்டெனாவே செய்தியை வாங்கிக் கடத்த வேண்டும், இல்லையென்றால் பின்னால் வரும் பெட்டி "எனக்கு இப்போது எதுவும் கேட்கவில்லை" என்று ஓட்டுநரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்காததை ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளும் பெட்டி, பெட்டியே இல்லாததைவிட மோசம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். சான்றிதழ் சோதனையில் சராசரி விழுக்காட்டோடு, தொடர்ந்து செய்தி வராமல் போன மிக நீண்ட நேரம் எவ்வளவு என்பதையும் பதியச் சொல்லுங்கள். அதற்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். ஆளில்லாத தடத்தில் இரண்டு கார்களை நிறுத்தி எடுத்த தூரக் கணக்கை மட்டும் ஏற்காதீர்கள். எதிரெதிரே 100-இல் ஓடும் சோதனை ஒன்று, நடுவே லாரி வைத்து ஒன்று, இரண்டும் கட்டாயமாகட்டும். ஒரகடத்தில் அரசின் வாகனச் சோதனை மையமே இருக்கிறது. கன்டெய்னர் லாரிக்கு அங்கே அலைய வேண்டியதில்லை, வாசலைத் தாண்டினால் வரிசையாக நிற்கும்.

எங்கள் பதிவுக் கோப்பை 4100-ஆவது வரியிலிருந்து அச்செடுத்து வைத்திருக்கிறேன். கேட்டால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
அந்தச் சாலையில் தினமும் போய்வரும் ஒரு பொறியாளர்