ஜாஜர்கோட்டில் வீடுகள் கட்ட மீண்டும் நேபாளம் செல்கிறோம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். 2015-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாளத்தின் சிந்துபால்சோக் மாவட்ட மலைக்கிராமங்களில் வீடு கட்டும் பணியில் ஈடுபட்ட தமிழ்நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து அமைத்த குழு எங்களுடையது. வரும் தசைன், திகார் பண்டிகைகள் முடிந்ததும் மறுபடியும் நேபாளம் செல்கிறோம். இம்முறை பணியிடம் நாட்டின் மேற்கே, கர்ணாலி மாகாணத்தில், பேரி ஆறு பாயும் ஜாஜர்கோட் மாவட்டம். அங்கே 20 குடும்பங்களுக்கு நிலநடுக்கத்தைத் தாங்கும் வீடுகளைக் கட்டிக்கொடுக்க உங்கள் பொருளுதவியை நாடுகிறோம்.

2015 ஏப்ரல் 25 அன்று கோர்க்காவில் தொடங்கிய நிலநடுக்கத்தின் அளவு 7.8. ஏறத்தாழ 9,000 பேரைப் பலிகொண்ட அந்தப் பேரிடரில் சிந்துபால்சோக் மாவட்டத்தில் மட்டும் 3,500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பல நாடுகளிலிருந்து உதவியும் வந்தது. 2023 நவம்பர் 3 அன்று ஜாஜர்கோட்டைத் தாக்கிய நிலநடுக்கமோ அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் கணக்கில் 5.7 மட்டுமே. வெளிப்பட்ட ஆற்றலை ஒப்பிட்டால், முதலாவது இதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. அப்படியிருந்தும் ஜாஜர்கோட்டிலும் அதையடுத்த மேற்கு ருகும் மாவட்டத்திலும் 150-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சிறுவர் சிறுமியர். 2015-இல் நிலம் நடுங்கியது சனிக்கிழமை நண்பகலில். பள்ளிகளுக்கு விடுமுறை, பெரியவர்கள் பலர் வயல்வெளியில் இருந்தார்கள். ஜாஜர்கோட்டில் நேரம் இரவு 11.47. எல்லோரும் வீட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்களில் பலர் பிழைப்புக்காக இந்தியாவில் இருந்த நேரம் அது. வீட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான்.

இவ்வளவு சிறிய அதிர்வு இத்தனை பேரைக் கொன்றதற்குக் காரணம் சுவர். அந்த மலைகளில் கல்லை மண் சேற்றில் பதித்து ஒன்றரை அடிக்கும் மேற்பட்ட கனத்தில் சுவர் எழுப்புகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சுவராகத் தெரியும். உண்மையில் அது இரண்டு மெல்லிய சுவர்கள், நடுவே சிறுகல்லும் மண்ணும் இட்டு நிரப்பப்பட்டவை. நிலம் அசையும்போது நடுவில் உள்ளது கீழே இறங்கி இரு முகங்களையும் வெளியே தள்ளுகிறது. மூலைகள் பிளக்கின்றன, கூரைக்கு அடியிலுள்ள முக்கோணச் சுவர் சரிகிறது, கனமான கூரை தூங்குகிறவர்கள்மேல் விழுகிறது. குற்றம் கல்லிலோ மண்ணிலோ இல்லை. சிமென்ட் மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கவே பெரும் செலவாகும் ஊரில், காலடியில் கிடைப்பதை வைத்துக் கட்டுவதுதான் அறிவுடைமை. அந்தக் கல்லையும் மண்ணையும் கட்டிப்பிடிக்கும் சில உறுப்புகள்தான் தேவை.

இதற்கான முறையைச் சிந்துபால்சோக்கில் நாங்கள் கண்ணாரக் கண்டோம். 2015 டிசம்பரில் அமைந்த தேசிய மறுகட்டுமான ஆணையம், வீடிழந்த குடும்பத்துக்கு 3 லட்சம் நேபாள ரூபாயை மூன்று தவணைகளாக வழங்கியது. விதிப்படி கட்டியிருப்பதைப் பொறியாளர் சரிபார்த்த பிறகே அடுத்த தவணை கிடைக்கும். அடித்தளத்திலும், ஜன்னலுக்குக் கீழும், கதவு ஜன்னல்களுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்திலும், கூரைக்கு அடியிலும் சுவரைச் சுற்றிலும் பெல்ட் ஓட வேண்டும். அது கம்பி கட்டிய கான்கிரீட்டாக இருக்கலாம், அல்லது ஏணியைப் படுக்கவைத்தது போல் பிணைத்த மரமாக இருக்கலாம். மூலைகளில் செங்குத்துக் கம்பி வேண்டும். முக்கோணச் சுவரைக் கல்லால் கட்டாமல் தகரத்தாலோ பலகையாலோ அடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவரின் இரு முகங்களையும் ஊடுருவிப் பிடிக்கும் நீளக்கற்கள் இருந்தாக வேண்டும்.

எங்களுக்கு அங்கே வேலை சொல்லித்தந்த தீதி (நேபாளியில் அக்கா) ஒருவர், நிலநடுக்கத்துக்குப் பின் நடந்த பயிற்சியில் கொத்துவேலை கற்றுக்கொண்டவர். இரண்டடிக்கு ஒரு நீளக்கல் என்று நூல் பிடித்து அளப்பார். கல்லைச் சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்பார். வைத்து முடித்ததும் அதன் நுனியில் சிவப்புச் சாயத்தால் ஒரு பொட்டு இடுவார். சோதனைக்கு வரும் பொறியாளர் அந்தப் பொட்டுகளை எண்ணினால் போதும். அவரையும் அவரோடு பணிபுரிந்த கொத்தனார்களையும் (அங்கே டகர்மி என்பார்கள்) ஜாஜர்கோட்டுக்கு அழைத்துச் செல்வதே இத்திட்டத்தின் உயிர்நாடி. உள்ளூர் கொத்தனார்கள் அவர்களோடு சேர்ந்து இந்த 20 வீடுகளையும் கட்டுவார்கள். நாங்கள் திரும்பிய பிறகு மற்ற வீடுகளைத் தாங்களே கட்டுவார்கள். கல் சுவர் எழுப்புவது சில வாரங்களில் கைவரும் வேலையன்று. ஆகவே தன்னார்வலர்கள் கல் சுமப்போம், மண் மிதிப்போம், கம்பி வளைப்போம். சுவரைத் தொழில் தெரிந்தவர்களே எழுப்புவார்கள்.

ஒரு வீட்டுக்கு இந்திய மதிப்பில் 2,40,000 ரூபாய் என மதிப்பிட்டுள்ளோம். 20 வீடுகளுக்கு 48 லட்சம் ரூபாய். கம்பி, சிமென்ட், மரம், கூரைத் தகரம், அவற்றை மலைமேல் ஏற்றும் கூலி, கொத்தனார் ஊதியம் எல்லாம் இதில் அடங்கும். கல்லும் மண்ணும் இடிந்த வீடுகளிலேயே கிடக்கின்றன. ‘இன்று உன் வீட்டுக்கு நான், நாளை என் வீட்டுக்கு நீ’ என்று ஆள்மாற்றி உழைக்கும் வழக்கம் நேபாளக் கிராமங்களில் உண்டு. அதன்படி வீட்டுக்காரர்கள் தங்கள் உழைப்பைத் தருவார்கள். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என மாற்று மதிப்பு நிலையாக இருப்பதால், பணமாற்று ஏற்ற இறக்கம் இக்கணக்கைப் பாதிக்காது. தன்னார்வலர்களின் பயணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றை அவரவரே ஏற்றுக்கொள்கிறோம். நன்கொடையில் ஒரு ரூபாயும் அதற்குச் செலவாகாது.

நிலநடுக்கத்துக்குப் பின் தற்காலிகக் குடிலுக்கென நேபாள அரசு இரு தவணைகளில் 50,000 நேபாள ரூபாய் அறிவித்தது. நம் பணத்தில் அது 31,250 ரூபாய். அதில் எழுந்தவை பெரும்பாலும் தகரக் கொட்டகைகள். மார்கழிக் குளிரில் தகரத்தின் உட்புறம் வியர்த்து, விடிகாலையில் படுக்கையின்மேல் சொட்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இது எத்தகைய துன்பம் என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை. மழைக்காலத்தில் மலைப்பாதைகள் சரிந்து லாரிகள் நின்றுவிடும். ஆகவே ஐப்பசி முடிவதற்கும் அடுத்த ஆனி மழைக்கும் இடைப்பட்ட காலத்தில் வேலையை முடித்தாக வேண்டும்.

எந்தத் தொகையாயினும் நன்றியோடு ஏற்றுக்கொள்வோம். ஒரு வீட்டின் முழுச் செலவையும் ஒரு குடும்பமோ, ஒரே ஊர் நண்பர்களோ சேர்ந்து ஏற்க முன்வந்தால் பெரிதும் மகிழ்வோம். நன்கொடையைக் குழுவின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே அனுப்புங்கள். தனியாள் எவரிடமும் ரொக்கமாகத் தர வேண்டாம். இதற்கு வருமான வரிச் சலுகை பெற இயலாது என்பதை முன்கூட்டியே தெரிவிக்கிறோம். ஒவ்வொரு மாத முடிவிலும் வரவு செலவுக் கணக்கையும், கொள்முதல் ரசீதுகளையும், ஒவ்வொரு வீட்டின் நிலையைக் காட்டும் படங்களையும் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். கம்பியும் தகரமும் பண்டிகைக்கு முன்பே மலையேற வேண்டியிருப்பதால், ஆவணி மாத இறுதிக்குள் உங்கள் உதவி வந்து சேர வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
குழுவின் சார்பில்,
செயலாளர், பொருளாளர்