அப்பாவை விருந்தாளியாக நடத்தியவருக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார். இதை எழுதும்போது பக்கத்து அறையில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டு, உப்பு குறைவு என்று மருமகளிடம் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே உப்பு போடுகிறாள். அன்று அவர் வீட்டைவிட்டுத் தனியே கிளம்பிக் காணாமல் போனதும், நாமெல்லாம் தேடியதும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

வாட்ஸப் குழுக்களில் அவர் படத்தைப் பரப்பியவர்கள், ஷிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிய தம்பிகள், கிளிண்டன் ஆற்றோரம் நடந்து நடந்து தேடியவர்கள், மனைவியைத் தனியே விடாமல் வந்து உட்கார்ந்திருந்த அக்காமார், பொறுமையாகப் பேசிய போலீஸ்காரர்கள், எல்லோருக்கும் நன்றி. பெயர் சொல்லி எழுதினால் யாரையாவது விட்டுவிடுவேன். இன்னும் பலருடைய போனுக்குத் திருப்பிக் கூப்பிடவில்லை, கூப்பிடுகிறேன்.

ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அப்பா போய் நின்றது அமெரிக்காவில் நம் மிச்சிகன் மாநிலத்து மவுண்ட் கிளெமன்ஸில் இருக்கும் குரோக்கர் ஹவுஸ் அருங்காட்சியகத்தில். 1869-இல் கட்டிய வீடு, ஊரின் முதல் இரண்டு மேயர்களும் வாழ்ந்தது. நம்மில் பலர் அந்தப் பக்கம் போய்வந்திருப்போம், படியேறியிருக்க மாட்டோம். அங்கே தன்னார்வலராக இருக்கும் ஒரு பெரியம்மா, வயது எழுபதைத் தாண்டியிருக்கும், அப்பா நிலையைப் பார்த்துப் போலீசுக்குச் சொன்னார். நாங்கள் வந்து சேரும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வேறு யாராவது என்றால் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். அதுவே பெரிய உதவிதான். இவர் அப்பாவுக்கு அந்த வீட்டைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். அறை அறையாக, வழக்கமாக வருகிறவர்களுக்குச் சொல்வது அத்தனையையும் ஒன்று விடாமல் சொல்லி!

போன வாரம் முறுக்கு டப்பாவோடு நன்றி சொல்லப் போனோம். அவருக்கு அப்பாவைப் பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் இத்தனை வருஷத்தில் அப்பா ஒருவர்தானாம். சரி, உங்கள் மாமனாருக்குக் காட்டியதை உங்களுக்கும் காட்டுகிறேன் என்று மனைவியின் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

இந்த ஊர் ஒரு காலத்தில் பெரிய சுகவாசத் தலம் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். உப்பு எடுக்கத் தோண்டிய கிணறுகளில் வந்த தண்ணீர், குடலைப் பிடுங்கும் கந்தக நாற்றத்தோடு இருந்திருக்கிறது. அதில் குளித்தால் மூட்டுவலி போகும் என்று பேச்சு பரவ, 1873-இல் முதல் குளியல் விடுதி வந்தது. அப்புறம் ஹோட்டல்கள், ரயிலில் கூட்டம் கூட்டமாக ஆட்கள். பேஸ்பால் வீரர் பேப் ரூத்கூட வந்திருக்கிறார். 1930-களின் பொருளாதார மந்தமும் புது மருந்துகளும் வந்தபிறகு விடுதிகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. மிச்சம் இருப்பது உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அணியின் பெயர்: 'போர்க்குணம் கொண்ட குளியல்காரர்கள்'. மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

குளியல் விடுதிப் படங்களைக் காட்டியபோது அப்பா ரொம்ப நேரம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாராம். என்னவாக இருக்கும் என்று அந்த அம்மா எங்களைக் கேட்டார். எனக்குத் தெரியும். இப்போதும் அப்பா அதே படத்தின் முன்னால் நின்று, "எண்ணெய் தேய்ச்சு விட ஆள் உண்டா? குற்றாலத்துல மாதிரி?" என்றார். நான் அதை அந்த அம்மாவுக்கு இங்கிலீஷில் சொன்னேன். உண்டு, உடம்பு தேய்த்துவிட ஆட்கள் இருந்தார்கள் என்றார் அவர். அப்பாவுக்குத் திருப்தி.

எடிசன் கதையையும் சொல்லியிருக்கிறார். ரயிலில் பேப்பர் விற்ற பையனாக இருந்தபோது, 1862-இல், இதே ஊர் ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர் மெக்கன்சியின் சின்னப் பையனை ஓடிவரும் வண்டியின் வழியிலிருந்து தூக்கிக் காப்பாற்றினார். அதற்குக் கைம்மாறாக மெக்கன்சி அவருக்குத் தந்தி அடிக்கக் கற்றுக்கொடுத்தார். செங்கோட்டை ஸ்டேஷனில் வேலை பார்த்த என் அப்பாவுக்கு, 'எடிசன்' என்பதும் 'டெலிகிராஃப்' என்பதும் காதில் விழுந்ததுமே முகம் மாறிவிட்டதாம். அதன்பிறகு அவர் தமிழில் பேச, இவர் இங்கிலீஷில் பேச, நாங்கள் அடித்துப் பிடித்து ஓடிவந்தபோது இரண்டு பேரும் மும்முரமாக உரையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியின் அர்த்தம் அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஒரு மருத்துவமனையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "இவர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா" என்று என்னிடம்தான் கேட்பார்கள். வீட்டிலும் மெல்ல மெல்ல அப்படி ஆகிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெரியம்மா, பதில் புரியாது என்று தெரிந்தும், அவர் முகத்தைப் பார்த்து அவரிடமே பேசியிருக்கிறார். இனி எங்கள் வீட்டில் அப்பாவைப் பற்றிய பேச்சு அப்பாவிடம்தான்.

அந்த அருங்காட்சியகம் சில நாட்கள்தான் திறந்திருக்கும், நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். எடிசன் கதை நடந்த பழைய ரயில் நிலையமும் இப்போது அருங்காட்சியகம்தான். குடும்பத்தோடு போகிறவர்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், அப்பாவையும் அழைத்து வருகிறேன். அவரிடம் ஏதாவது கேளுங்கள். பதில் செங்கோட்டையில் ஆரம்பித்து எங்கேயோ போகும், பரவாயில்லை.

நன்றியுடன்,
அவர் மகன்